பேர்தான் கேட்டேன்

"பேர்தான் கேட்டேன் அக்கா. அதுக்குப் போய்க் கொன்னுட்டாங்க!"

தாம்பரத்தில் கிளம்பிய செங்கல்பட்டு வண்டி. பெண்கள் பெட்டியில் எதிர் சீட்டிலிருந்த நான் போனைக் கீழே வைத்தேன். பேசியவள் கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. பக்கத்தில் அவளைவிட மூத்த தோழி.

"யாரைடி?"

"பூச்சியை. எங்க மொட்டை மாடித் துளசிப் பூவுக்கு வரும். தேனீ மாதிரிதான், ஆனா உடம்புல நீலக் கோடு. போட்டோ எடுத்து அபார்ட்மென்ட் குரூப்ல போட்டு, இது என்னன்னு கேட்டேன்."

"தெரிஞ்சுதா?"

"ஒருத்தர் குளவின்னாரு. ஒருத்தர் கொட்டினா ஜுரம் வரும்னாரு. நான் ஆபீஸ்ல இருக்கும்போதே செக்ரட்டரி ஆளைக் கூட்டிட்டு வந்து மாடி முழுக்க மருந்தடிச்சுட்டாரு. துளசியும் கருகிப் போச்சு."

"நீ சும்மாவா விட்ட?"

"கத்தினேன். 'நீங்கதானே மேடம் கம்ப்ளெயின்ட் பண்ணீங்க'ங்கிறாரு. கேள்வி கேட்டா கம்ப்ளெயின்டா? இன்னிக்குக் காலையில அவரே குரூப்ல போடறாரு, அது ஒரு வகை தேனீயாம், ஒண்ணும் பண்ணாதாம். அதுக்கு எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டறாங்க!"

வண்டலூர் தாண்டியது. மூத்தவர் அவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு! எங்க கத்திரிப் பூவுக்கும் ஒண்ணு வருது, பச்சையா மினுங்கும். எங்க குரூப்ல கேக்கலாம்னு இருந்தேன்."

அவள் போனை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"வாயைத் திறக்காதீங்க அக்கா. அந்தப் பூச்சியாவது பேர் இல்லாம உயிரோட இருந்துட்டுப் போகட்டும்."