தறி நின்ற நாளும் தேவகியின் நோட்டும்

அவைத் தலைவர் ராமலிங்கம் அவர்களே, பட்டிழையில் ஊர்ப்பெயரை உலகுக்கு நெய்தனுப்பும் பெரியோர்களே, அமாவாசை ஓய்வையும் விட்டுக்கொடுத்து வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்! இரண்டாம் வகுப்பு ஆசிரியை அன்னம்மாள் பேசுகிறேன். நான் இறங்கியதும் நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள். எட்டு வயதுத் தேவகி பள்ளியில் இருப்பதா, போவதா என்பது அந்தக் கைகளில் இருக்கிறது.

தேவகிக்குப் பேச்சு வராது. திடீரென்று காதைப் பொத்துவாள், கத்துவாள், தலையைச் சுவரில் மோதுவாள். அவள் தகப்பனார் வேலாயுதம் என்னிடம் அழுதார். "அமாவாசை ஆனா பேய் வந்து குந்திக்குதும்மா. கத்திக்கினே கெடக்குது. எங்கனா கோயில்ல சங்கிலி போட்டு வுட்டுட வேண்டியதுதான்."

நிலவில் மனிதன் கால் வைத்துவிட்ட காலத்தில் நிலவில்லா நாளுக்கு அஞ்சுவதா? பேயில்லை என்று காட்ட, அவள் கத்துகிறாளா என்று எழுதிவைக்க வீறாப்பாக ஒரு நோட்டுப் போட்டேன். நான்கு அமாவாசை, நான்கிலும் கத்தல்! பேய்க்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டேனே!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். என் தப்பு என்ன தெரியுமா? அமாவாசை அன்று மட்டும்தான் அந்த நோட்டைத் திறந்தேன்!

பிறகு நாள் தவறாமல் எழுதினேன். மணி என்ன, அருகில் யார், என்ன சத்தம், எத்தனை முறை கத்தினாள், எல்லாம் எழுதினேன். வளர்பிறையில் பட்டுநூல் வராமல் மூன்று நாள் தெருவே தறி நிறுத்தியது. மூன்று நாளும் கத்தினாள். ஓர் அமாவாசையில், வழக்கம்போல ஊரே தறிக்கு ஓய்வு விட்டிருக்க, கல்யாணச் சேலை அவசரம் என்று பள்ளிக்கூடத்துக்குப் பின்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தறி ஓட்டினார்கள். அன்று அவள் கத்தவேயில்லை! எந்த வீடு என்று சொல்லமாட்டேன்...

"எங்க வூடுதாம்மா! சாமி மன்னிக்கட்டும்!"

மன்னிக்கும் தாயே, நிச்சயம் மன்னிக்கும்! பேயுமில்லை, பிசாசுமில்லை. பிறந்தது முதல் தறிச் சத்தத்தில் உறங்கிய குழந்தை, அது நின்றால் பயப்படுகிறாள். தறி நிற்கும் நாளில் கோடு போடும் அடிக்குச்சியால் பலகையில் தறியின் தாளத்தில் தட்டினேன். பதினொரு முறை கத்தியவள் அடுத்த அமாவாசையில் ஏழு முறை, அதற்கடுத்து மூன்று முறை. மூன்று இன்னும் பூஜ்யம் ஆகவில்லை. பொய் சொல்லமாட்டேன், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

இன்றும் அமாவாசை. தேவகி முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறாள். ஐயோ, கை காதுக்குப் போகிறது! அடிக்குச்சியை வகுப்பிலேயே வைத்துவிட்டேனே, பாவி நான்!

வேலாயுதம், என்ன செய்கிறீர்கள்? நாற்காலியில் தட்டுகிறீர்களா? தட்டுங்கள் ஐயா, நிறுத்தாதீர்கள்! தறி ஓட்டும் கைக்கு அந்தத் தாளத்தை நானா சொல்லித்தர வேண்டும்? பாருங்கள், கையை இறக்குகிறாள்... இறக்கிவிட்டாள்!

பொறுங்கள், நோட்டில் எழுதிவிடுகிறேன். மாலை ஐந்தரை மணி. தறி ஓடவில்லை. தகப்பனார் தட்டினார். கத்தவில்லை.

பெரியோர்களே, தாய்மார்களே, கை தூக்கும் முன் அந்தக் கையால் அவரோடு சேர்ந்து கொஞ்சம் தட்டுங்கள். மெதுவாக, ஒரே சீராக. தலைவர் அவர்களே, நீங்களும்தான்! பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். தட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.