ஒரு முழச் சரிவு

சர்க்கரை டப்பாவில் சர்க்கரையைக் கொட்டிப் பாருங்கள், ஐயா. நடுவில் கூம்பாக நிற்கும். டப்பாவின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினால் சமமாகிவிடும். என் மனைவி மூடி போடுவதற்கு முன்னால் அப்படித்தான் செய்கிறாள். என் தொழிலும் அவ்வளவுதான். என்ன, எங்கள் டப்பா ஐந்து மாடி உயரம். அதைத் தட்ட முடியாது.

எண்ணெயைச் சுத்தம் செய்யும் இரும்புக் கலன்களைப் பற்றிச் சொல்கிறேன். அவற்றுக்குள் மிளகு அளவில் கறுப்பு மணிகளை நிரப்ப வேண்டும். சூடான எண்ணெய் அந்த மணிகளுக்கு இடையே கீழே இறங்கும்போது சுத்தமாகும். மணிகளின் படுகை எல்லாப் பக்கமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் எண்ணெய் சோம்பேறி மாதிரி அந்த வழியாகவே ஓடும். மற்றப் பக்கம் சூடு தேங்கும். தேங்கிய சூடு ஒருநாள் இரும்புச் சுவரைச் சிவக்க வைக்கும். அதற்குப் பிறகு விசாரிக்க உங்களைப் போன்றவர்கள் வருவார்கள்.

முன்பெல்லாம் துணிக்குழாய் வழியாக மணிகளைக் கொட்டி, உள்ளே ஆளை இறக்கிப் பரப்புவோம். நானே பல வருடம் இறங்கியிருக்கிறேன். இந்த மணிகள் காற்றுப் பட்டால் சூடேறும் என்பதால் கலனில் நைட்ரஜனை நிரப்பி வைப்பார்கள். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மூச்சு முட்டுகிறது என்ற எச்சரிக்கைகூடத் தராது. ஓரிரு தடவை இழுத்தாலே நினைவு போய்விடும். அதனால்தான் பூட்டிய தலைக்கவசம், அதற்குள் காற்றுக் குழாய், இடுப்பில் கயிறு, காதில் ரேடியோ எல்லாம்.

பரப்பும் மெஷினை எங்கள் கம்பெனி வாங்கியது என் பேச்சை நம்பித்தான். கலனின் வாயில் அதைத் தொங்கவிடுவோம். ரப்பர் பட்டைகள் கட்டிய தட்டு சுழலும். மணிகள் தூறல் மாதிரி சுவர்வரை சீராக விழும். ஆள் இறங்கவே வேண்டாம். 'இனி ஒருத்தனும் உள்ளே போய்ச் சாக வேண்டாம்' என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவன் நான். சொன்னபோது மனதாரத்தான் சொன்னேன்.

இறந்தவன் என் தங்கையின் கணவன். அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான், 'சல்லடை' என்று பெயர் வைத்ததும் நான்தான். அவன் வாயில் எதுவும் தங்காது. என் தங்கை கர்ப்பமான செய்தி, எனக்குத் தெரிவதற்கு முன்பே எங்கள் கேன்டீனுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் 'வாங்க மாப்பிள்ளை' என்பேன். வேலையிடத்தில் 'வாடா சல்லடை' என்பேன். இரண்டுக்கும் ஒரே மாதிரி சிரிப்பான்.

நடந்த தவறு சின்னதுதான். மெஷினை மாட்டும்போது தூக்குக்குண்டு விட்டு நேர் பார்க்க வேண்டும். கலனின் வாயை நம்பக் கூடாது. பழைய கலன்கள் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். வாய்க்கு ஒட்டி மாட்டினால் மெஷினும் கலனோடு சேர்ந்து சாய்ந்துவிடும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு நானே கலனின் வாய்க்கு ஒட்டி மாட்டினேன். கலனுக்குச் சொந்தக்காரர்களின் மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மற்றக் கலன்களுக்கும் இந்த மெஷினை எடுக்கலாமா என்று முடிவு செய்ய வந்திருந்தார். வேகத்தைக் காட்டும் ஆசை எனக்கு. இடையிடையே நிறுத்தி நாடா விட்டு அளப்பதையும் விட்டுவிட்டேன்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது நாடாவை விட்டுப் பார்த்தேன். ஒரு சுவருக்கும் எதிர்ச் சுவருக்கும் ஒரு முழம் வித்தியாசம்.

எல்லா மணியையும் உறிஞ்சி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஊருக்குத்தான் உபதேசமா என்று ஒருவராவது கேட்டிருப்பார். அந்த ஒரு கேள்வியை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது, ஐயா. இருந்திருந்தால் சொல்லக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

சல்லடையைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் உள்ள போய் மேடா இருக்கறத இழுத்து விட்டுட்டு வந்துடுங்க. யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

"இங்க வந்து மாப்பிள்ளைங்கறீங்க, மரியாதை வேற. அப்ப ஏதோ வில்லங்கம்தான்."

"வில்லங்கமும் இல்ல, விளக்கெண்ணெயும் இல்ல. சீக்கிரம்."

"ஏன் மச்சான், உங்க மெஷினு படுத்துக்கிச்சா?"

"வாயை மூடு."

"அதான் மூடப் போறீங்களே" என்று தலைக்கவசத்தைத் தட்டிக் காட்டினான். அதை மாட்டி இரண்டு தாழையும் போட்டது நான். அவை இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் திறக்கும். உள்ளே இருப்பவன் பதற்றத்தில் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி.

ஆள் இறங்கினால் மேலே இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒருவர் காற்றைக் கவனிப்பார், இன்னொருவர் கயிற்றை. காற்றைக் கவனிப்பவரை நான் சாப்பிட அனுப்பிவிட்டேன். அவரைக் குறை சொல்லாதீர்கள். போகமாட்டேன் என்றுதான் சொன்னார்.

உள்ளே போனதும் ரேடியோவில் அவன் குரல் வந்தது. "மச்சான், இது என்ன படுகையா மலைச்சரிவா? நாலு ஆட்ட விட்டா மேயும்." நான் சிரித்தேன். பலகையால் மணிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அப்போதுதான் இரும்புப் படியில் காலடி. மேற்பார்வையாளர் சீக்கிரமாகச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். என் மாப்பிள்ளையின் வாயை மூட ஒரு குமிழ் இருந்தது. ரேடியோவின் ஒலியைக் குறைத்தேன். குறைத்தேனே தவிர அணைக்கவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"நீங்க சாப்பிடலையா?" என்று கேட்டார்.

"ஆகட்டும் சார், அப்புறம்."

"இது என்ன குழாய்?"

"நைட்ரஜன் குழாய் சார்."

அது என் தங்கை கணவனுக்குக் காற்று போகும் குழாய்.

அவர் நல்ல மனிதர். கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஆசை உள்ளவர். தட்டு வேகமாகச் சுழன்றால் என்ன ஆகும் என்றார். மணிகள் சுவரோரம் குவியும் என்றேன். மெதுவாகச் சுழன்றால்? நடுவில் குவியும். "அப்ப நெஜமாவே உள்ள ஆள் எறங்க வேண்டியதில்ல?" என்றார். "வேண்டியதில்ல சார். அதுதான் இதோட அழகே" என்றேன். கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். ஒரு கையைத்தான் ஆட்ட முடிந்தது. இன்னொரு கையில் கயிறு இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

உள்ளே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவன் கீழிருந்து இழுத்ததில் மேட்டுப் பக்கம் மொத்தமாகச் சரிந்து அவனைத் தொடைவரை மூடியிருக்கிறது. அந்தப் பாரத்தில் இடுப்பில் காற்றுக் குழாயின் இணைப்பு கழன்றுவிட்டது. இடுப்பில் ஒரு சின்ன சிலிண்டர் இருக்கும், மேலே ஏறி வரும் நேரத்துக்குப் போதுமான காற்றோடு. ஏற முடிந்தவனுக்கு அது போதும்.

மேற்பார்வையாளர் போனதும் ஒலியைக் கூட்டினேன். சத்தமில்லை. கப்பி வழியாகக் கயிற்றை இழுத்தேன். வந்தான். தலைக்கவசத்துக்குள் அவன் முகம் கோபமாக இல்லை. ஏதோ கேள்வி கேட்கிற முகமாக இருந்தது.

இதுவரைக்கும் என்னைக் கோழை என்று எழுதிக்கொள்ளலாம். இதற்கு மேல் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆள் வருகிறதா என்று படியைப் பார்த்தேன். தாழ்கள் இரண்டையும் சேர்த்து அழுத்தித் திறந்தேன். கவசத்தை அவன் நெற்றிவரை தூக்கி வைத்தேன். அதற்குப் பிறகுதான் கத்தினேன்.

'மேலே தூக்கும்போதே கவசம் திறந்துதான் இருந்தது, அவசரக்காரன், தானே கழற்றியிருப்பான்' என்று எழுதிக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்க முடிகிறது. எல்லோரும் நம்பினார்கள். சல்லடைதானே, வாயையே மூடி வைக்காதவன் கவசத்தையா மூடி வைப்பான் என்றார்கள். நான் விளையாட்டுக்கு வைத்த பெயரே எனக்குச் சாட்சி சொன்னது. நான்தான் இறங்கச் சொன்னேனா என்று யாரும் கேட்கவில்லை. மணிகளின் மாதிரி எடுக்க வழக்கமாக ஆள் இறங்குவது உண்டு. அப்படி நினைத்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் படி இறங்கிய பிறகுதான் அவன் உள்ளே போனான் என்றும் சொல்லிவைத்தேன்.

ஒன்றை முதலில் செய்யுங்கள், ஐயா. அந்தக் கலனை மூடிவிட்டார்கள். சூடேற்றப் போகிறார்கள். படுகை சரிந்துதான் கிடக்கிறது. நிறுத்தச் சொல்லுங்கள். அதன் அடியில் ஆட்கள் நடமாடுகிறார்கள்.

நேற்றுவரை இதையெல்லாம் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. தங்கை வீட்டுக்குத் துணையாகப் போய்வந்துகொண்டிருந்தேன். வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். அவள் அழுவதைவிடத் திட்டுவதுதான் அதிகம். அவனைத்தான் திட்டினாள். "சோப்பு நுரை கண்ணுல பட்டாலே பொறுக்கமாட்டாரு. தலையில இருக்கறத கழட்டாம இருப்பாரா?" என்று வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ கொண்டுபோய்ச் சேத்துவிட்ட எடத்துல உன் பேரைக் கெடுத்துட்டுப் போயிட்டாரே அண்ணா. அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றாள். அவள் மகள், நடக்கத் தொடங்கியிருக்கிற குழந்தை, என் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் "அதெல்லாம் விடும்மா" என்றேன். பெருந்தன்மையாக மன்னித்துவிட்டேன்.

அப்போது அவள் என் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் குறுக்காகத் தோல் உரிந்து சிவந்திருந்தது. கயிறு உரசிய காயம். "அவரத் தூக்கின கையா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். களிம்பு எடுத்து வந்தாள். என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வலிக்கக் கூடாது என்று ஊதி ஊதிப் பூசினாள். "நீயாவது கடைசிவரைக்கும் விடாம இழுத்தியே" என்றாள்.

ரேடியோவின் குமிழ் சின்னது. அதைத் திருக வலது கையுறையைக் கழற்றியிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்திருந்தது அந்த வெறுங்கைதான். கீழேயிருந்து இழுப்பு வந்தது. கயிறு நகர்ந்தால் மேற்பார்வையாளர் பார்த்துவிடுவார். அதனால் நகராமல் இறுக்கிப் பிடித்தேன். மறுபடியும் வந்தது, இன்னும் பலமாக. இன்னும் இறுக்கினேன். கயிறு தோலை அறுத்துக்கொண்டு போனது. முகத்தில் எதையும் காட்டாமல், தட்டின் வேகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இழுப்பு குறைந்து, பிறகு நின்றுபோனதையும் அதே கை எனக்குச் சொன்னது.

அவர் படி இறங்கிப் போனபிறகு கையுறையை மாட்டிக்கொண்டுதான் மாப்பிள்ளையை மேலே இழுத்தேன், ஐயா. கை எரிந்தது.