கழித்துக்கட்டும் பட்டியல்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியில் ஒட்டுச்சீட்டு இல்லை, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. பதினாறு வருடம் மருத்துவமனையின் உடைமைப் பிரிவில் இருந்துவிட்டேன். எந்த அறைக்குள் நுழைந்தாலும் கண் தானாக நாற்காலியின் முதுகுப்பக்கம் போய்விடுகிறது.

தண்ணீர் வேண்டாம். நிதானமாகவே சொல்கிறேன்.

எங்களிடம் நாலாயிரத்துச் சொச்சம் பொருள்கள். ஒன்றைத் தேடினால் இன்னொன்றுதான் கிடைக்கும். போன வருடம் ஒரு ஸ்ட்ரெச்சரை நாற்பது நிமிடம் தேடினோம். அது துணி வெளுக்கும் அறையில் போர்வைகளைச் சுமந்துகொண்டு நின்றது. அதற்குப் பிறகுதான், பொருளில் ஒட்டிய சீட்டு எங்கே இருக்கிறது என்று திரையில் காட்டும் அந்த மென்பொருளை நிர்வாகம் வாங்கியது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்றே செய்தது. திரையில் ‘இப்படி இருந்தால்’ என்று ஒரு கட்டம், ‘இதைச் செய்’ என்று இன்னொரு கட்டம். இரண்டையும் இழுத்து வந்து நடுவில் அம்புக்குறி போட்டால் விதி தயார். ஒரு சக்கர நாற்காலி இரண்டு நாள் அசையவில்லை என்றால், போய்ப் பார் என்று வார்டுக்குச் செய்தி போய்விடும்.

பிரிவின் மேலாளர் என் அக்கா வீட்டுக்காரர். வீட்டில் மாமா, அலுவலகத்தில் சார். அங்கே அவரைச் சேர்த்துவிட்டதே நான்தான். எனக்கு ஏழு வருடம் கழித்து வந்தார், எனக்கு மேலே போய் உட்கார்ந்தார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மூன்று மாதம் நான் உட்கார்ந்து அமைத்ததை நிர்வாகத்துக்கு அவர் போட்டுக் காட்டினார். "ராத்திரி பகல் பாக்காம நானே செஞ்சேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா என் வேலையைப் பற்றிக் கேட்டார்.

"இவளா? சும்மா கட்டத்த இங்கேருந்து அங்க இழுத்து விடறா. கைக்குழந்தைகிட்ட குடுத்தாலும் செய்யும்" என்றார் மாமா.

எல்லோரும் சிரித்தார்கள். வேடிக்கைக்குச் சொன்னதுதான். எனக்குப் புரையேறியது, அவ்வளவுதான்.

மனிதர்களைப் பட்டியலில் சேர்த்தது அதற்கு முன்பா பின்பா என்று கேட்டீர்கள். பின்புதான். ஆனால் சம்பந்தமில்லை. ஸ்ட்ரெச்சர் இப்போது சட்டென்று கிடைத்தது. தள்ளுகிற ஆள்தான் கிடைக்கவில்லை. அதனால் ‘நகரும் பொருள்’ என்று புதுவகை ஒன்று திறந்து, ஒரு வார்டு உதவியாளரின் அடையாள அட்டைக்குப் பின்னால் சீட்டு ஒட்டினேன். அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தனை வருஷத்துல என்னை யாரும் இப்படித் தேடினதில்லக்கா" என்றார். மற்றவர்களும் வரிசையில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். சமையல்காரர் நெற்றியிலேயே ஒட்டச் சொன்னார், தொப்பியில் ஒட்டிவிட்டேன். மாமா படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுமதித்தார். தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார், கொஞ்சம் பெரிய அளவில்.

அப்புறம் ஒரு சின்ன விதி. அறுபது நாள் வேலை நேரத்தில் அசையாமல், யாருக்கும் பயன்படாமல் இருக்கும் பொருள் கழிவுக் கிடங்குக்குப் போக வேண்டும். ஏலம் வரும்வரை அங்கே இருக்கும். எந்த மருத்துவமனையிலும் இருக்கிற விதிதான்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு லாரி வந்தது. சுமைதூக்குபவர்கள் பட்டியலைப் பார்த்தார்கள், மாமாவின் அட்டையைப் பார்த்தார்கள். "யாருப்பா இந்தக் குறும்பு பண்ணினது?" என்று அவர் சிரித்தார். தூக்கிய பிறகு சிரிக்கவில்லை. நாற்காலியையும் சேர்த்து எடுப்பதா என்று அவர்களுக்குள் சிறு தகராறு. நான் போய்த் தீர்த்துவைத்தேன். அவரை மட்டும்தான். நாற்காலி நல்ல நிலையில் இருந்தது.

வாசலில் காவலாளி அட்டைமேல் கருவியைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது.

"யோவ், நான் யாருன்னு தெரியலயா உனக்கு?"

"நல்லாத் தெரியுது சார். பச்சை எரிஞ்சா கேள்வி கேக்காம விடணும்னு நீங்கதானே சுற்றறிக்கை அனுப்பினீங்க."

இரண்டு பழைய பீரோக்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனார். வெயில் படாமல் தார்ப்பாய் போடச் சொன்னேன்.

சாயங்காலம் கிடங்குக்காரரின் போனிலிருந்து கூப்பிட்டார்.

"நான் மாமா பேசறேம்மா. விளையாட்டு போதும், வந்து என்னைக் கூட்டிட்டுப் போ."

"கிடங்குலேருந்து எடுக்க மேலாளர் ஒப்புதல் வேணும் சார்."

"நான்தானே மேலாளர்!"

"அந்த இடம் காலியா இருக்கறதால இப்ப பொறுப்புல நான் இருக்கேன் சார். விண்ணப்பம் அனுப்புங்க, பரிசீலிக்கிறேன்."

என்னை ஈவிரக்கம் இல்லாதவள் என்று நினைக்காதீர்கள். ஜெனரேட்டருக்குப் போடுவதுபோல அவருக்கும் பராமரிப்பு அட்டவணை போட்டிருந்தேன். ஒரு நாளைக்கு மூன்று முறை நிரப்புதல், வாரத்தில் இரண்டு முறை கழுவுதல். கிடங்குக்காரர் நேர்மையானவர், இருபத்துமூன்று நாளும் ஒன்று விடாமல் டிக் அடித்திருக்கிறார். நீங்கள் பூட்டை உடைத்தபோது மாமா ஒரு கிலோ எடை கூடியிருந்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா தினமும் என் மேசைக்கு வந்து அழுதாள். "உனக்குத் தெரியாம இங்க ஒரு ஊசி நகருமாடி? அவர் எங்கன்னு சொல்லுடி" என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன். "தொலையலக்கா, பட்டியல்லதான் இருக்கார்" என்றேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

விதி எல்லோருக்கும் பொதுவென்றால் அவர் மட்டும் எப்படி மாட்டினார் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. விதியை முதலில் ஓட்டிப் பார்த்தபோது மனிதர்கள் பதினான்கு பேர் வந்தார்கள். அதில் நானும் இருந்தேன். நானும் இருக்கையை விட்டு எழுவதில்லையே. அது சரியில்லை என்று பட்டது. ‘தனி அறை உண்டு’ என்று ஒரு கட்டத்தை இழுத்துப் போட்டேன்; ஐந்து பேர் மிஞ்சினார்கள். ‘சேர்த்துவிட்டவர்’ என்ற கட்டத்தில் என் பெயரைப் போட்டேன். ஒரே ஒரு வரி வந்தது. விதி சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் சேமித்துவிட்டேன்.

அப்போதும் அவசரப்படவில்லை. ஒரு பொருளைக் கழிக்கும் முன் அதன் பொறுப்பாளருக்கு ஏழு நாள் தினம் ஒரு கடிதம் போகும்: இது உங்களுக்கு இன்னும் தேவையா என்று. மாமாவுக்குப் பொறுப்பாளர் அக்கா. அவள் மனசு தாங்காது என்று அவள் முகவரியை எடுத்துவிட்டு என் முகவரியைப் போட்டேன். ஏழு கடிதமும் ஒழுங்காக வந்தன. தினமும் காலையில் திறந்து, முழுவதும் படித்துவிட்டு, மூடி வைத்தேன்.

ஒரு பதிலும் வரவில்லை, ஐயா. அவர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.