பருந்தின் குரல் மட்டும்

உங்கள் ஸ்டேஷன் மின்விசிறிக்குக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்லுங்கள், மேடம். இந்தக் கிறீச்சில் மனுஷன் எப்படிப் பேசுவது? எனக்குச் சத்தம்தான் தொழில், அதனால் சொல்கிறேன்.

குருவிகள் கூடு கட்டும் தோப்பில் ஒலிபெருக்கியை மறைத்து வைத்துப் பருந்தின் குரலை ஓடவிடுவேன். பருந்து வராது. ஒரு குருவிக்கும் கீறல் விழாது. ஆனாலும் தாய்க்குருவி இரை தேடப் போகாமல் ஒடுங்கிக் கிடக்கும். முட்டை குறையும், பொரிந்த குஞ்சும் நோஞ்சானாகப் போகும். பயம் மட்டுமே போதும் என்பதுதான் என் ஆய்வு. பாதி ஆயுசை அதற்குக் கொடுத்தேன். ஆய்விதழ்க்காரர்கள் ஒவ்வொரு தடவையும் பாடிய பாட்டையே பாடிக் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார்கள்: குருவிக்குச் சரி, பெரிய உயிர்களுக்குப் பொருந்துமா? எனக்கு வெறுத்தே போய்விட்டது.

வீட்டில் அதைவிட மோசம். நான் மாடியில், தங்கையும் மாப்பிள்ளையும் கீழே. சாப்பிட உட்கார்ந்தாலே மாப்பிள்ளை ஆரம்பித்துவிடுவான். "நம்ம மச்சான் பூச்சாண்டி டாக்டர். பருந்தே இல்லாம குருவியை அழ வைப்பாரு. இதுக்குச் சம்பளம் வேற." தங்கை கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள்.

மாப்பிள்ளைக்குப் புத்தி வரட்டும் என்றுதான் அவர்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே, குழாய்க்குப் பின்னால் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டியை வைத்தேன். யாரோ தாழ்ப்பாளை அசைத்துப் பார்க்கும் சத்தம். பிறகு ஓர் ஆண் தொண்டையைச் செருமும் சத்தம். அவ்வளவுதான். நேரம் மட்டும் முன்னே பின்னே இருக்க வேண்டும், இல்லையென்றால் பழகிவிடும். குருவிக்கும் அப்படித்தான்.

சில நாளில் தங்கை மாடியேறி வந்தாள். "அண்ணா, யாரோ வீட்டைச் சுத்திச் சுத்தி வர்றாங்க. அவர்கிட்ட சொன்னா பிரமைங்கறாரு. நீயாவது கொஞ்ச நேரம் வந்து கூட இரேன்."

கூடப் பிறந்தவள் கூப்பிட்டால் போகாமல் இருப்பேனா? போனேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். பெட்டி செருமியது. வாயில் வைத்த கவளத்தை அவள் விழுங்கவில்லை.

"கேட்டுச்சா அண்ணா?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

நடுவில் நிறுத்தினால் அதுவரை செய்ததெல்லாம் வீண், மேடம். எங்கள் வேலையில் முதல் பாடமே அதுதான்.

பிறகு அவள் சமையலறைப் பக்கமே போகவில்லை. படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். முகம் சுண்டிப்போனது. குழந்தை தங்கவில்லை. நோய் இல்லை, அடி இல்லை, காரணம் தெரியவில்லை என்று மருத்துவர் கையை விரித்தார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. காரணம் கண்ணெதிரே கிடக்கிறது, அவ்வளவு படித்தவருக்கும் தெரியவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளை பகலெல்லாம் வேலைக்குப் போய்விடுவான், பெட்டி பகலில்தானே ஓடியது என்று கேட்கிறீர்கள். ஆமாம். கூட்டில் இருப்பது யாரோ, அதைத்தான் நாங்கள் பார்ப்போம். பெட்டியை வைத்தது நான், ஓட்டியதும் நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். தங்கை என்றால் எனக்கு உயிர், மேடம். அவள்மீது என் சுண்டுவிரல்கூடப் பட்டதில்லை.