மூக்கு எங்க முடியுது?

அதெல்லாம் இருக்கட்டும் மச்சான், சாவிய அப்புறம் கேளு. உன் அக்கா சுஹைர் போன்ல என்ன சொன்னா? நான் மறுபடியும் நம்ம தெரு டாக்டர் வஜ்தி வண்டிய இடிச்சிட்டேன், சாவியப் புடுங்கிக்கிட்டு வண்டிய உன் வீட்டுக்கே ஓட்டிட்டுப் போயிடுன்னாளா? சொல்லிருப்பா. மூணாவது மாடி பால்கனியில நின்னு பாக்குறா பாரு... பாக்காத, பாக்காத. பாத்தா கீழ எறங்கி வந்துடுவா.

நான் இடிக்கலப்பா. இந்த வண்டிக்கு மூக்கு எங்க முடியுதுன்னு எவனுக்குத் தெரியும்? செஞ்சவனுக்கே தெரியாது. உள்ள உக்காந்து பாத்தா பானெட்டு போயிக்கிட்டே இருக்கு, போயிக்கிட்டே இருக்கு, அதுக்கப்புறம் காணோம். இத்தன வருஷத்துல ஒரு தடவயாவது சீட்டுலேர்ந்து அந்த முன்பம்பரப் பாத்திருப்பேனா?

நானும் என்னதான் பண்ணல? மொதல்ல தெருவுல அவிச்ச பயறு விக்கிற வண்டிக்காரனோட அண்டாவ அடையாளம் வெச்சேன். அண்டா மூடி கண்ணாடி ஓரத்துக்கு வந்தா பிரேக்கு. அந்த மனுசன் ஒரு நாள் நெழல் தேடித் தள்ளிப் போட்டுட்டான்... அன்னைக்குத்தான் டாக்டரோட பின்விளக்கு போச்சு. அதுக்கு நானா பொறுப்பு? நெழலுக்குப் போனவன் பொறுப்பு. அப்புறம் டாக்டர் வண்டி பின்னாடி ஒரு ரொட்டியக் கயித்துல கட்டித் தொங்கவிட்டேன். ரொட்டி நசுங்கினா நிறுத்திடணும். உள்ள உக்காந்திருக்கவனுக்கு அது நசுங்குறது எப்பிடித் தெரியும்னு கேக்காத. உன் அக்காவும் அதத்தான் கேட்டா. நான் பதில் யோசிக்கிறதுக்குள்ள பூனை தின்னுடுச்சு.

எடம் விட்டு நிறுத்துன்னு சொல்லுவ. இது நெரிசல் புடிச்ச ஷுப்ரா மச்சான், நீ குடியிருக்குற புது நகரம் இல்ல. இங்க ஒரு முழம் விட்டா எவனாவது மோட்டார் சைக்கிளச் சொருகிடுவான். அதுவுமில்லாம ரெண்டாவது வரிசையில நிறுத்துறவன் ஹாண்ட் பிரேக்கு போடக் கூடாது. உள் வரிசையில மாட்டினவன் நம்ம வண்டியத் தள்ளிவிட்டு வெளிய போகணும்ல? அதான் தெரு மரியாதை. ஊரே தள்ளுது, பழி மட்டும் இந்த ரஜபுக்கு.

சரி... நேத்து தள்ளினது நான்தான். முன்னாடி கொஞ்சம் எடம் சும்மா கெடந்துச்சு, மனசு கேக்கல. எறங்கி, பின்னாடி போயி, இடுப்பால லேசா ஒரு தள்ளு. எல்லாத் தடவையும் லேசாத்தான் தள்ளுவேன். பின்னாடி நின்னா முன்னாடி தெரியாதே, அது என் குத்தமா?

சாவியா? இந்தா, புடி. எடுத்துக்க. எடுத்தாலும் வண்டி நகராது. பேட்டரி செத்துக் கெடக்கு, யாராவது தள்ளினாத்தான் கெளம்பும். உனக்கு இந்தத் தெருவுல யாரு தள்ளுவா? உள்ள உக்காரு. மூக்கு எங்க முடியுதுன்னு மட்டும் சொல்லிடு, வண்டி உனக்கே. தெரியலயா? பாத்தியா!

இரு, வெளக்கிக் காட்டுறேன். இன்னைக்கு உன் அக்காவுக்குப் பயந்து முன்னாடி தாராளமா எடம் விட்டிருக்கேன். நான் பின்னாடிலேர்ந்து தள்ளுறேன், டாக்டர் வண்டியத் தொட்டதும் ஒரு கொரல் குடு. இப்பிடித்தான் நேத்தும்... ஸ்டியரிங்க ஏன் ஒடிக்கிற? நேரா வெய்யி. ஏ, சரிவுப்பா இது... என்ன உறுமுது? கியர் போட்டியா? மச்சான்! ஷுக்ரி!

போயிட்டான். டாக்டர் வண்டிக்கு ஒரு வெரக்கட விட்டு, கீறல் இல்லாம திருப்பிட்டான். அப்ப மூக்கு எங்கன்னு தெரிஞ்சிருக்கு. எங்கிட்டச் சொல்லாமயே போயிட்டான்.

சுஹைர், மேல நின்னு சிரிக்காத. கூடையில டீய எறக்கு, நான் இங்கதான் நிக்கப் போறேன், எடத்த விட முடியாது.

யோவ், எதுக்கு ஹாரன் அடிக்கிற? எங்க வர்ற? இங்க என் வண்டி நிக்குது. காணோமா? அதான் நான் நிக்கிறேன்ல. வராத... உன் வண்டி மூக்கு எங்க முடியுதுன்னாவது உனக்குத் தெரியுமா?

நிறுத்துய்யா. அது என் முழங்காலு.