நீ ஒருத்தன்தான் பாக்கி

எனக்கு யாரிடமும் சுலபமாகப் பேச வரும். அதனால்தான் உளவியல் பேராசிரியை விடுதிக் கணக்கெடுப்பை என் தலையில் கட்டினார். யார் குடிக்கிறார்கள், ஏன் குடிக்கிறார்கள் என்று முதலாண்டு மாணவர்களை ஒவ்வொருவராக அறைக்குள் அழைத்துக் கேட்டு எழுத வேண்டும். ஒருவன் சொன்னது மற்றவனுக்குத் தெரியக் கூடாது.

நாற்பது பேரில் முப்பத்தொரு பேர் வாயில் வைத்ததே இல்லை என்றார்கள். எனக்கு வந்த கோபத்தை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, ஐயா. என் முதலாண்டில், "எல்லாரும் குடிக்கிறாங்க, நீ மட்டும் என்ன பெரிய உத்தமனா?" என்றுதான் என் அறைக்காரன் கிளாசை நீட்டினான். நம்பினேன். மூன்று தேர்வுகளில் கோட்டை விட்டேன். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். இந்தப் பொடியன்கள் மட்டும் அலுங்காமல் குலுங்காமல் தப்பிப்பதா?

ஒரு கேள்வி விட்டுப்போயிற்று என்று அந்த முப்பத்தொரு பேரையும் திரும்பக் கூப்பிட்டேன். தடித்த கண்ணாடி போட்ட பையன் ஒருவன், சோடாபுட்டி என்பார்கள், தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணா, மத்தவங்கல்லாம் குடிக்கிறாங்களா?"

"ஆமாடா. நீ ஒருத்தன்தான் பாக்கி."

எல்லாரிடமும் இதையேதான் சொன்னேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஏழு பேர் ஓர் அறையில் கூடினார்கள். ஏழு பேருக்கும் அதுதான் முதல் தடவை. ஒவ்வொருவனும் மற்ற ஆறு பேரும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தான். பழகியவன்போலக் காட்ட, சோடாபுட்டி தண்ணீர் கலக்காமல் கடகடவென்று குடித்து மல்லாந்து விழுந்தான். டாக்டரைக் கூப்பிட எவனும் வாய் திறக்கவில்லை. திறந்தால் தான் கத்துக்குட்டி என்று தெரிந்துவிடுமே. நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் உடம்பு சில்லிட்டுக் கிடந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள். நான் அந்த அறை வாசலில்தான் நின்றிருந்தேன். மல்லாந்து கிடப்பவன் வாந்தி எடுத்தால் மூச்சடைக்கும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும் என்பதும் தெரியும். நான் முதன்முதலாக விழுந்தபோது என் அறைக்காரன் அப்படித்தான் என்னைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

ஒருவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணா, ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாதுடா, தூங்கட்டும்" என்றேன். அவன் தூக்கம் கெடக் கூடாதே என்று கதவையும் நானே சாத்தினேன்.