எட்டு வாரம் பொறுக்கவும்

கௌரி, தேத்தண்ணீரை ஆறவிடாமல் குடியுங்கள். சீனி வேண்டுமென்றால் சன்னலுக்குக் கீழே இரண்டாவது இழுப்பறையில் இருக்கும். ஒன்பது வருஷமாக இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு மொழிபெயர்க்க வந்து போகிறேன், எப்போதும் நீங்கள் இருக்கிற அந்தக் கதிரையில்தான். உங்களை இந்த வேலைக்குச் சொல்லிவிட்டதும் நான்தான் என்று சார்ஜன்ட் சொல்லியிருப்பார்.

என் வாக்குமூலத்தை எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல முடியாது என்றில்லை. தமிழில் சொன்னால் ஒழுங்காக வரும். ஒரு சொல்லையும் விடாதீர்கள், ஒன்றையும் கூட்டாதீர்கள். நான் அப்படித்தான் செய்து வந்தேன். என் பேரில் இதுவரை ஒரு முறைப்பாடு கிடையாது.

உஷா என் கூடப்பிறந்த தங்கை. பதினைந்து வயது வித்தியாசம். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு படிவம் படிவமாக நிரப்பி அவளை இங்கே எடுப்பித்தவள் நான். நியூ லின்னில் என் வீட்டில், என் அறைக்குப் பக்கத்து அறை. விரி என்கிற இடத்தில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்கும் வேலை. ஊரில் தமிழில் படித்தவள். ஆங்கில எழுத்தைக் கூட்டுவாள், பொருள் பிடிபடாது. பஸ் நேரத்திலிருந்து பாங்குக் கடிதம் வரை நான்தான் வாசித்துச் சொல்வேன். அது எனக்கு ஒரு சுமையாகவே இருக்கவில்லை. சந்தோஷமாக இருந்தது.

அவளுக்கு இடுப்பு வரைக்கும் தலைமயிர், அடர்த்தியான சுருட்டை. எனக்கு எலிவால். "அக்கா, அந்த எலிவாலுக்கு ரிப்பன் வேற" என்று சிரிப்பாள். நானும் சிரிப்பேன். வெள்ளிக்கிழமைகளில் அவளுக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுப்பது நான்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன், வெலிங்டனிலிருந்து குணரத்தினம் என்ற எஞ்சினியர் அவளைப் பார்க்க வருவதாக இருந்தது. படத்தைப் பார்த்தே பிடித்துப்போய்விட்டது அவருக்கு. சரிவந்தால் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். குடியில்லை, கோபமில்லை, நல்ல மனிதர். விசாரித்த இடமெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வெலிங்டன் மாப்பிள்ளைக்கு நேரான மயிர்தான் எடுப்பு என்று யாரோ அவள் மண்டையில் ஏற்றிவிட்டார்கள். நானில்லை. அவர் வர எட்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, அவளோடு வேலை செய்யும் ஃபிஜிக்காரி பிம்லா ஒரு ரிலாக்ஸர் பெட்டியோடு வந்தாள். சுருளை நேராக்கும் களிம்பு. பிம்லா பயந்த சுபாவம். போட்ட கொஞ்ச நேரத்திலேயே கழுவிவிட்டாள். முன்பக்கம் நேராகத் தொங்கியது. உச்சியும் பிடரியும் பழையபடி சுருண்டு பொம்மென்று நின்றன. உஷா கண்ணாடிக்கு முன்னால் இருந்து அழுதாள். பிம்லா மிஞ்சிய களிம்பையும் வழிமுறைத் தாளையும் மேசையில் வைத்து, அக்காவிடம் கொடுத்து வாசிக்காமல் ஒன்றும் செய்யாதே என்று சொல்லிப் போனாள். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

"அக்கா, ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோவன். திரும்பப் போடலாமோ?"

நான் இரண்டு தரம் மனதுக்குள் வாசித்தேன். நீங்களும் சுருட்டை முடிக்காரி, கௌரி, கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சரியாக நேராகவில்லை என்று உடனே திரும்பப் போடவே கூடாது. எட்டு வாரம் பொறுக்க வேண்டும். அதுவரை வாரம் ஒரு தரம் கண்டிஷனர், சூடு காட்டக் கூடாது. எட்டு வாரம் கழித்துப் போடும்போதும் நேராகாத இடத்தில் மட்டும். அதற்கு முந்திய இரண்டு நாள் தலை முழுகவும் கூடாது, சொறியவும் கூடாது. தலையில் ஊறிய எண்ணெய்தான் தோலுக்குக் காவல். நெற்றியோரத்துக்கும் ஏற்கெனவே நேரான மயிருக்கும் வாசலின் பூச வேண்டும். எரிந்தால் அந்த நிமிஷமே கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் பார்வை போகலாம் என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. உண்மையில் அவர் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கொண்டை போட்டுப் பூ வைத்திருந்தால் போதும். ஒருவருக்கும் தெரிந்திராது.

அவளுக்கு நான் வாசித்தது வேறு. ஒரு வாரம் ஆவதற்குள் திரும்பப் போட்டால்தான் பிடிக்கும் என்று வாசித்தேன். முதலில் நன்றாகத் தேய்த்து முழுகி எண்ணெய்ப் பசையே இல்லாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து இறங்காது. தலை முழுவதும் பூசி அரை மணி நேரம் விட வேண்டும். எரியும், எரிந்தால் மருந்து பிடிக்கிறது என்று பொருள். வரிக்கு வரி விரலை நகர்த்தித்தான் வாசித்தேன். அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். கண்ணைப் பற்றியதை வாசிக்கவில்லை. பிள்ளையை வீணாக ஏன் பயப்படுத்துவான்?

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு எடுத்தேன். தங்கைக்கு மாப்பிள்ளை வருகிறார் என்றதும் நான் டைப் அடிக்கும் அலுவலகத்தில் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை முழுக்கு எங்கள் வீட்டில் எப்போதும் உள்ளதுதானே. சீயக்காயும் தேசிக்காய்ச் சாறும் போட்டு, உச்சியை நகத்தால் தேய்த்தேன். "மெல்ல அக்கா" என்றாள். துடைத்து உலரவைத்து, குசினிக் கதிரையில் இருத்தி, கையுறை போட்டுக்கொண்டு பிடரியிலிருந்து பூசினேன். தோலோடு சேர்த்துப் பூசினேன்.

ஏழாவது நிமிஷம், "அக்கா, எரியுது" என்றாள்.

"ஓம். பிடிக்குது."

நான் அதே குசினியில் அடுப்புப் பக்கம் போய்ப் பயற்றம் உருண்டைக்குப் பயறு வறுத்தேன். மாப்பிள்ளைக்குப் பலகாரம் வைக்க வேண்டுமல்லவா. கருகிவிடக் கூடாது என்று கை எடுக்காமல் கிண்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் கதிரையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண்ணால் தண்ணீர் ஓடியது.

"கழுவிவிடுங்கோ அக்கா. ஏலாமல் கிடக்கு."

"அவர் வரேக்கை வடிவா இருக்க வேண்டாமே? பொறு."

பொறுத்தாள். நான் சொன்னால் கேட்கிற பிள்ளை. அரை மணி நேரம் முடிந்ததும் கழுவினேன். மயிர் கொத்துக் கொத்தாகத் தொட்டிக்குள் இறங்கியது. உச்சியில் தோலும் கூட வந்தது. தொட்டியின் துளை அடைத்துக்கொண்டதால் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டருக்கும் அவளுக்கும் நடுவே நான்தான் மொழிபெயர்த்தேன். வழிமுறையை யாராவது வாசித்தீர்களா என்று டாக்டர் கேட்டார். "அக்கா வாசிச்சுச் சொன்னபடிதான் செய்தது" என்றாள் உஷா. இவளுக்கு ஆங்கிலம் தெரியாது, நான் வேலைக்குப் போன நேரத்தில் தானாகவே போட்டுக்கொண்டாள் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டு, அவளைப் பார்த்துப் பாவம் என்பதுபோலத் தலையை அசைத்தார். உஷா அவருக்கு நன்றி சொன்னாள். அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.

உச்சியிலும் பிடரியிலும் இனி முளைக்காது என்றார் டாக்டர். முளைக்கும், கொஞ்சம் காலம் எடுக்கும் என்று அவளுக்குச் சொன்னேன். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அந்த இடத்துக்கு எண்ணெய் வைத்துவிட்டேன். "முளைக்குதோ அக்கா?" என்பாள். "ஓம், கையில தட்டுப்படுது" என்பேன். இந்த இரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை கிடையாது.

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பின்னேர ஆங்கில வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். எதற்கு, நான் இருக்கிறேனே என்றேன். அதை மட்டும் கேட்கவில்லை. போன வியாழக்கிழமை நான் வேலையால் வந்தபோது, குசினி மேசையில் அந்தத் தாள் விரித்திருந்தது. நான் எந்தக் காகிதத்தையும் எறிவதில்லை. தன் கடவுச்சீட்டைத் தேடப் போய் என் கோப்புக்குள் கண்டிருக்கிறாள். வரிக்கு வரி விரலை வைத்து ஆங்கிலத்தில் உரக்க வாசித்தாள், சிவப்பு எழுத்து உட்பட. முடித்துவிட்டு, "உங்களுக்கு இது அண்டைக்கே விளங்கினதுதானே அக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றேன். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது.

நேரே இங்கே நடந்து வந்து, யாருடைய துணையும் இல்லாமல் ஆங்கிலத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறாள். சார்ஜன்ட் எனக்குக் காட்டினார். மூன்று இலக்கணப் பிழை. என்னிடம் தந்திருந்தால் திருத்திக் கொடுத்திருப்பேன்.

அதில் உள்ளதெல்லாம் உண்மை. வேண்டுமென்றுதான் செய்தேன். மயிர் மட்டும் போகும் என்று நினைத்தேன், தோலும் போனது. அவளுக்குத் தெரியாத ஒன்று விடுபட்டிருக்கிறது, அதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை, உஷா ஆஸ்பத்திரியில் கிடக்க, குணரத்தினம் வீட்டுக்கு வந்தார். டாக்டர் சொன்னதை உள்ளபடி அவருக்குச் சொன்னேன், போய்விடுவார் என்றுதான். பயற்றம் உருண்டைத் தட்டை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"தலைமயிர்தானே அக்கா. முளைக்காட்டிலும் எனக்குப் பெரிசில்லை. அவவிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. நான் பொறுத்திருக்கிறன்."

அவளுக்கு விருப்பமில்லை என்று மறுநாள் அவருக்குப் போனில் சொன்னேன். கேள்விப்பட்டதும் அவர் வாசலோடு திரும்பிவிட்டார் என்று அவளுக்குச் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எட்டாவது வாரம் அவர் திரும்பவும் போனில் கூப்பிட்டார். உஷா பக்கத்து அறையில் இருந்தாள். பிழையான நம்பர் என்று வைத்துவிட்டேன்.

இதை நீங்கள் அவளுக்குச் சொல்ல வேண்டாம், கௌரி, அவள் தாங்கமாட்டாள். சொல்லத்தான் வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள். அவளுக்கு எதையும் பக்குவமாக எடுத்துச் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?